எஸ்தர் கட்டிய பேருந்து நிலையம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பெருமாநல்லூரில் என் பனியன் யூனிட்டில் ஒரு குழந்தைச் சட்டையின் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எஸ்தரின் பக்கத்து வீட்டு அம்மா. "ஏனுங்க, செந்தில் தம்பிங்களா? நம்ம எஸ்தரு போயிருச்சுங்க. காலைல காப்பி கொண்டுபோய்க் கூப்பிட்டேன், எந்திரிக்கலை. நீங்க வந்தாத்தானுங்க மத்த காரியத்தைப் பாக்கணும்" என்றார். பத்து நாளைக்கு முன்புதான் அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றதும், இனி அதிக நாள் இல்லை என்பது எனக்கும் புரிந்திருந்தது. இருந்தாலும் ரிசீவரை வைத்தபின் அதே சட்டையை மூன்று முறை அளந்தேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குத் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. நான் ஜெபத்தில் மனம் வைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்த பெரியவர் சுவரோரம் போனார். அடுத்து வந்தவர் அவரிடமிருந்து இரண்டு இடம் தள்ளி அமர்ந்தார். மூன்றாமவர் சரியாக நடுவில் விழ வேண்டியிருந்ததால் அந்தப் பெஞ்சையே விட்டுவிட்டுப் பின்னால் போனார். எஸ்தரிடம் கணினி கற்ற பெண்கள் ஐந்து பேர், பக்கத்துப் பெஞ்சு காலியாகக் கிடக்க, நான்கு பேர் இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லாம் எஸ்தர் ஒரு காலத்தில் கணினியில் எழுதிவைத்தபடியே நடந்தது. பெட்டிக்குள் இருப்பவர் சொன்னபடி வெளியே இருப்பவர்கள் உட்கார்ந்தார்கள். குடும்பத்தாருக்கான முன்வரிசைப் பெஞ்சு மட்டும் கடைசிவரை காலியாகவே இருந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

எஸ்தரைக் கணினி ஆசிரியராக அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கடைசியில் ஒருவருக்கு மட்டும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு ஆண்டுகளாகப் பாக்கி நிற்கும் பதில் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து, பழைய பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் தொழில் தொடங்கினோம். சொத்து என்று பார்த்தால் இரண்டு கணினிகள், ஒரு மின்விசிறி. பனியன் கம்பெனிகளுக்கு அளவு போட்டுக்கொடுப்பேன். துணி வீணாகாமல் கழுத்து, கை, உடம்புத் துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்று கணினியில் வரைந்து காட்டுவது என் வேலை. எஸ்தர் கணிதம் படித்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். புரோகிராம் எழுதுவதும் மாலை வகுப்பு எடுப்பதும் அவர் பாடு. நான் இரண்டு விரலால் தட்டச்சு செய்வதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. "ஏனுங்க செந்தில், கோழி கூட இதைவிட வேகமாக் கொத்துமுங்க" என்பார். அப்படிச் சொல்லும்போதும் அந்த 'ங்க' குறையாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர் எங்களைத் தேடி வந்தார். ஏதோ ஒரு ஊருக்குப் புதிய பேருந்து நிலையம் வரைந்திருந்தார். "வரைபடத்தைக் காட்டுனா ஆருக்கும் ஒண்ணும் வெளங்கறதில்லைங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஆளுக வந்து நடக்கணும், உக்காரணும், பஸ் வந்தா எந்திரிச்சுப் போகணும். எங்க பெஞ்சு போட்டா எங்க உக்கார்றாங்கன்னு தெரியணும்" என்றார். எனக்கு இது சின்ன வேலையாகப் பட்டது. இரண்டே நாளில் ஒன்று செய்துவிட்டேன். மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தளம். தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு கோடு. அப்படி இருபது பேர் உள்ளே வந்து, முதல் பெஞ்சின் முதல் இடத்திலிருந்து வரிசையாக நிரப்பி அமர்ந்தார்கள். எஸ்தர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இது பஸ் ஸ்டாண்டுங்களா, பரிச்சை ஹாலுங்களா?" என்றார்.

அடுத்த மூன்று மாதம் பகலெல்லாம் எங்களுக்குப் பழைய பேருந்து நிலையத்தில்தான் கழிந்தது. ஆளுக்கொரு நோட்டு. யார் வந்தார், எங்கே நின்றார், எந்த இடத்தைப் பார்த்தார், எதை விட்டார், எதில் அமர்ந்தார் என்று எழுத வேண்டும். தாராபுரம் பேருந்து நிற்கும் பக்கம் ஆறு சிமெண்ட் பெஞ்சுகள். பின்னலாடைத் தொழிலாளிகள் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தால் வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் உட்காருவதில்லை. பெஞ்சின் நுனியில் பாதி உடம்பை வைத்துக்கொள்வார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்பவர்கள் நிறம் ஏறிய கைகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இடம் இருந்தாலும் நிற்பார்கள். ஒரு பெண் வந்து அமர்ந்ததும் அதே பெஞ்சில் இருக்கும் ஆண் கொஞ்சம் நகர்வார். இரண்டாவது பெண் வந்ததும் எழுந்துவிடுவார். குடும்பமாக வருபவர்கள் பையையும் மூட்டையையும் வைத்துச் சுவர் கட்டிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் எஸ்தர் எண்களாக்கினார். காலியாக இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண். பின்னால் சுவர் இருந்தால் இவ்வளவு, பேருந்து வருவது தெரிந்தால் இவ்வளவு, பக்கத்தில் அந்நியர் இருந்தால் இவ்வளவு கழி. ஆளுக்கு ஆள் கூச்சம், பொறுமை, சுமை வேறு வேறு. அதிக மதிப்பெண் வரும் இடத்தில் ஆள் போய் அமர்வார். "ஆரும் சீட்டைப் பாத்து உக்கார்றதில்லீங்க. பக்கத்துல இருக்கற ஆளைப் பாத்துத்தான் உக்கார்றாங்க" என்பது அவர் அடிக்கடி சொன்னது. அவருடைய மாணவிகள் பலருக்கு இது நினைவிருக்கும்.

இரண்டாம் மாத முடிவில் அவருக்கு நோட்டே தேவைப்படவில்லை. ஒரு பிற்பகல் என் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசலில் நுழையும் ஆட்களைப் பார்த்து மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தப் பச்சைச் சேலை, மூணாவது பெஞ்சு, இந்தக் கோடி. குடை வெச்சிருக்கறவரு உக்கார மாட்டாரு, தூணுக்கு அக்கட்ட, அந்தப் பக்கமாப் போவாரு. அந்தப் பையைத் தூக்கிட்டு வர்றவரு முதல்ல ரெண்டாவது பெஞ்சுக்குப் போயிட்டு, மனசு மாறி அஞ்சாவதுக்கு வருவாரு." அப்படியே நடந்தது. ஒன்பது பேர், பத்துப் பேர் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு போதும் என்று தோன்றியது. அவர்கள் தாங்களாகத்தான் நடந்து வருகிறார்களா என்றே சந்தேகமாகிவிட்டது. "நிறுத்துங்க" என்றேன். அவர் நிறுத்தினார். பின்பு, "இன்னொண்ணு கவனிச்சீங்களா? உக்கார்றதுக்கு முன்னால எல்லாரும் ஒருக்காப் பின்னால திரும்பிப் பாக்கறாங்க. சுவரு இருந்தாலும் பாக்கறாங்க. ஆரைப் பாக்கறாங்க?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் எண் இல்லை. காரணம் தெரியாமலே அதையும் புரோகிராமில் சேர்த்தார். அதன்பின் திரையில் இருந்த வட்டங்கள் எல்லாம் அமர்வதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தொடங்கின. அந்த ஒரு அசைவில் அவற்றுக்கு உயிர் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் அவர் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எஸ்தரின் அப்பா பெயர் பெற்ற கட்டிங் மாஸ்டர். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் தொழில் கற்றவர். மகன் தானியேலையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கம். உருளைகளுக்கு நடுவே அழுத்திச் சமமாக்கும் காலண்டர் எந்திரத்திலிருந்து சூடாக இழுபட்டு வரும் பனியன் துணியை உடனே வெட்டக் கூடாது. ஒரு நாளாவது தளர்வாகப் போட்டு ஆறவிட வேண்டும். அப்போதுதான் இழுபட்ட துணி தன் நிலைக்குத் திரும்பும். அப்பா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், பத்தொன்பது வயது தானியேல் வந்த துணியை வந்த கையோடு விரித்து முழு ஆர்டரையும் வெட்டிவிட்டான். தைத்து அலசியபோது பெரியவர்கள் பனியன் எல்லாம் பிள்ளைகள் பனியனாகச் சுருங்கிவிட்டது. அப்பா கட்டிங் மேசைக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, "எம் பேரைச் சொல்லிட்டு இனி இந்த ஊருக்குள்ள நடக்காதே" என்று சொல்லிவிட்டார். அன்று போனவன் வீடு திரும்பவில்லை. அப்பாவும் அம்மாவும் அவனைப் பார்க்காமலே காலமானார்கள். எஸ்தர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டையும் மாற்றவில்லை. அவன் வந்தால் வீட்டைத் தேடி அலையக் கூடாது என்பார்.

ஆனால் தானியேல் உயிரோடு இருந்தான். அவனோடு வேலை பார்த்த இருவர், வெவ்வேறு வருடங்களில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகல் தாராபுரம் பேருந்து நிற்கும் பக்கத்தில் அவனைப் பார்த்ததாக வந்து சொன்னார்கள். கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் போய்விட்டானாம். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்து நான்காம் தேதி எஸ்தர் இரண்டாவது பெஞ்சில் போய் உட்காருவார். மதியத்திலிருந்து இருட்டும் வரை. பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார். தம்பி ஒருமுறைகூட அவர் கண்ணில் படவில்லை. மறுநாள் ஆராதனைக்குப் போய்விட்டு, எங்கள் வீட்டுக்கும் கேக் கொண்டுவருவார். யாரும் அவரிடம் எதுவும் கேட்க மாட்டோம்.

பொறியாளர் வந்து பார்க்கும் நாள் வந்தது. மாதிரிக்கு எங்கள் பழைய பேருந்து நிலையத்தையே அப்படியே வரைந்து வைத்திருந்தோம். நாற்பது பேர் திரையில் வந்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள், அமர்ந்தார்கள், பேருந்து வந்ததும் போனார்கள். மனிதர் மகிழ்ந்துபோனார். பாதியில், "அந்த ஒரு ஆளு மட்டும் என்னங்க?" என்று விரலால் காட்டினார். ஒரு வட்டம் வடக்கு வாசல் வழியாக வந்தது. ஆறாவது பெஞ்சின் கோடிவரை போனது. அங்கே நின்றது. பிறகு உட்காராமல் திரும்பி வெளியே போனது. சற்று நேரம் கழித்து மறுபடி வந்தது, நின்றது, போனது. ஆறாவது பெஞ்சு முழுவதும் காலியாக இருந்தது. "மிஸ்டேக்குங்களா?" என்றார் பொறியாளர். எஸ்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ்டேக் இல்லீங்க. அதுக்கு அந்த இடம் ஒத்துவரலை" என்றார். குரல் அவருடையதுபோல இல்லை.

பொறியாளர் போனபின் நான் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மற்றவர்களுக்கு எல்லாம் எண்கள்தான் இருந்தன. ஒரே ஒருவனுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தது. சாலைக்கு முதுகு காட்ட மாட்டான். கோடி இடம்தான் வேண்டும். அமர்வதற்கு முன் இரண்டு கணம் நிற்பான். "அது எதுக்குங்க?" என்று கேட்டேன். "வெட்டறதுக்கு முன்னால துணியை உள்ளங்கையில தடவி விடுவாங்களே, அந்தப் பழக்கம் அவனுக்குங்க. எங்க உக்கார்றதா இருந்தாலும் ரெண்டு தடவை தடவிட்டுத்தான் உக்காருவான். ஊட்டுல எல்லாரும் கேலி பண்ணுவோம்" என்றார். தம்பியை அவர் உள்ளே வைத்திருந்தார். எங்கே உட்காருவான் என்று தெரிந்தால், பெஞ்சு மாறி உட்கார்ந்து அவனைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு.

இன்னொன்றும் இருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் உருவம். எத்தனை பேருந்து வந்தாலும் அது எழுந்திருக்கவில்லை. அது யார் என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு குறுகுறுப்பில், விளையாட்டுபோல, அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். வடக்கு வாசல் வழியாக அந்த வட்டம் வந்தது. ஆறாவது பெஞ்சின் கோடியில் நின்றது. திரும்பிப் பார்த்தது. இரண்டு கணம் கழித்து அமர்ந்தது.

எஸ்தர் எழுந்து ஜன்னலருகே போய்விட்டார். அங்கே நின்றபடி, "அன்னைக்கும் அப்படித்தானுங்க" என்றார். "அவன் போன அன்னைக்குப் பொழுதோட காலேஜ்ல இருந்து வந்து எறங்கறேன். அங்கதான் உக்காந்திருந்தான். என்னைப் பாத்தான், எந்திரிச்சுப் போயிட்டான். ஊட்டுக்குத்தான் போறான்னு நெனச்சேன். கூப்பிடலை." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "இத்தனை வருசமா நாந்தான் அவனைத் தொரத்திட்டு இருந்தனாட்ட இருக்குதுங்க."

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இது வெறும் புரோகிராம்தானே, நாம் எழுதியதைத்தானே காட்டுகிறது என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கே அந்த நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அந்த வருடம் டிசம்பர் இருபத்து நான்காம் தேதி எஸ்தர் போகவில்லை. அவருக்குப் பதில் நான் போனேன். தம்பிக்கு என்னைத் தெரியாது. ஆறாவது பெஞ்சில், கோடியிலிருந்து இரண்டு இடம் தள்ளி உட்கார வேண்டும். அதற்கு மேல் நெருங்கினால் அவன் வர மாட்டான். அவன் அமர்ந்ததும், "அக்கா ஊட்டுல இருக்கறாங்க, வாங்க போலாம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. எஸ்தர் அந்த வாக்கியத்தை என்னிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் மாடி அறையில் காத்திருந்தார்.

மணி மூன்றரை. நல்ல வெயில். பண்டிகைக் கூட்டம் வேறு. வடக்கு வாசல் வழியாக ஒருவர் வந்தார். முப்பது வயதுக்கு மேல், நெற்றிப் பக்கம் நரை, கையில் ஒரு துணிப்பை. வாழைப்பழக் கூடையைச் சுற்றிக்கொண்டு, தூணை ஒட்டி, திரையில் அந்த வட்டம் வந்த அதே வழியில் வந்தார். எந்த இடத்தில் அது வேகம் குறைந்ததோ அந்த இடத்தில் அவரும் குறைத்தார். பெஞ்சின் கோடியில் நின்றார். பின்னால் திரும்பிப் பார்த்தார். குனிந்து, உள்ளங்கையால் சிமெண்டை இரண்டு முறை தடவினார். உட்கார்ந்தார்.

எனக்கு நாக்கு எழவில்லை. இதைக் கூச்சம் என்று சொல்ல முடியாது, சுத்தமான பயம். யாரோ மேலே இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நாங்கள் இரண்டு வட்டம், இரண்டு கோடு. நான் பேசினால் அதுவும் முன்பே எழுதப்பட்டதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இன்று யோசித்தால் பைத்தியக்காரத்தனம். அன்று என்னால் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை.

அவரே பேசினார். இரண்டாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டார். "ஏனுங்க, உள்ளூருங்களா? வருசா வருசம் இந்நேரத்துக்கு அந்தப் பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. ஒருக்காப் பாத்துட்டுப் போவேன். இந்த வருசம் காணோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எப்படிப் பார்த்தேனோ, என் கண்ணில் என்ன தெரிந்ததோ, அவர் முகம் மெல்ல மாறியது. "அப்படிங்களா" என்றார். நான் எதுவும் சொல்லவே இல்லை. அவராகவே ஒரு பதிலை எடுத்துக்கொண்டார். தாராபுரம் பேருந்து வந்து நின்றது. பையை எடுத்துக்கொண்டு ஏறினார். எனக்கு உணர்வு வந்து ஓடும்போது பேருந்து வாசலைத் தாண்டிவிட்டது. கையைத் தட்டிக் கத்தினேன். பண்டிகைக் கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை.

மாடிப்படி ஏறும்போது உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். கதவைத் திறந்ததும் அவர் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தேன். "ஆரும் வரலீங்க" என்றேன்.

இதுதான் நான் செய்தது. எஸ்தரைப் பாராட்டி எழுத வேண்டிய இடத்தில் இதை ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கலாம். அவரைப் பற்றி இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் எனக்கு அது பொய்யாகத்தான் இருக்கும்.

பொறியாளரின் வேலை முடிந்தது. பிறகு நான் பெருமாநல்லூரில் தனியாக யூனிட் போட்டேன். எஸ்தர் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் அதே நாள் அவரே மறுபடி போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வருடமும். தானியேலைப் பார்த்ததாக யாரும் வந்து சொல்லவில்லை. அக்கா இல்லை என்று நினைத்தவர் எதற்காக இந்த ஊருக்கு வருவார்? இதை அறிந்தவன் நான் ஒருவன்தான். அறிந்தும், நாளைக்குச் சொல்லலாம், பண்டிகை கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

அவர் இறப்பதற்குப் பத்து நாளைக்கு முன்பு மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. கட்டில் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் இருந்தன. நான் கதவோரம் இருந்ததை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அதுலதான் உக்காருவீங்கன்னு தெரியுமுங்க" என்று சிரித்தார். பிறகு சொன்னார். "செந்தில், நீங்க போனதுக்கு அடுத்த வருசம் நான் போயிருந்தேன். அவன் வரலை. அப்பறம் ஊட்டுக்கு வந்து உங்களையும் உள்ளே போட்டுப் பாத்தேனுங்க."

எனக்குப் புரியவில்லை.

"உங்களைப் பத்தித்தான் எனக்கு எல்லாந் தெரியுமே. அந்தப் பெஞ்சுல உங்களை உக்கார வெச்சு ஓட்டிப் பாத்தேன். பல தடவை பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் வந்தான், உக்காந்தான், போனான். உங்க ஆளு மட்டும் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் குளிர்ந்திருந்தன. "வந்தானுங்களா?"

மூன்று வருடமாகத் தெரிந்துவைத்திருக்கிறார். அந்த மூன்று வருடமும் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குக் கேக் வந்தது. என் பெண்ணுக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறார். நான் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். நரை, துணிப்பை, உள்ளங்கையால் தடவியது, அவர் கேட்ட கேள்வி, எதையும் விடவில்லை. கேள்வியைச் சொன்னபோது எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப அவன் என்னைப் பாக்கத்தான் வந்துட்டு இருந்தானுங்களா?"

"ஆமாங்க."

"நான் தொரத்தலை."

"இல்லீங்க. நீங்க உக்காந்திருந்ததாலதான் வந்தாரு."

அவர் எழுதிய விதிகளில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது, விடக் காரணம் இருந்தது. உட்காராமலே ஒருவரைப் பார்த்துவிட்டுப் போக வருபவருக்கு எந்த விதியும் இல்லை. அதைத்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு கண்ணைத் திறந்து, கோபமே இல்லாமல், வழக்கமான மரியாதையோடு சொன்னார். "இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். அவருடைய நோட்டுகளும் கணினியும் அவர் மாணவிகளிடம் இருக்கின்றன. அவர்களுக்குத்தான் அவை சேர வேண்டும். அந்த 'ங்க' என் காதில் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

தானியேல், இதை நீங்கள் எங்காவது படிக்க நேர்ந்தால், அன்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது: உங்கள் அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நீங்கள் பேருந்தில் ஏறிய அந்த நேரத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில், உங்களுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.